பதிவேட்டில் இல்லாத பெயர்

(வட்டத்தின் பத்தாம் ஆண்டு விழாவில் ஆற்றிய உரை)



நம் வட்டத்தின் சாதனைகளைப் பேசப் பலர் இருக்கிறார்கள். நான் என் குற்றம் ஒன்றைப் பேச வந்திருக்கிறேன்.

நம் நூலகத்திலிருந்து ஒரு கவிதைத் தொகுப்பை எடுத்துச் சென்று 11 மாதம் வைத்திருந்தேன். படித்தது முதல் 3 வாரம். எஞ்சிய நாளெல்லாம் அது என் மேசையில் தூசி சுமந்தது. பனியன் கம்பெனியில் ஓவர்லாக் தைக்கும் இளைஞர் ஒருவர் ஞாயிறுதோறும் வந்து அந்நூலைக் கேட்டு, வெறுங்கையோடு திரும்பியதைப் பின்னரே அறிந்தேன். நான் திருப்பித் தந்தபோது அவர் வருவதை நிறுத்தியிருந்தார். பதிவேட்டில் என் பெயரும் எடுத்த நாளும் இருந்தன. அவர் பெயர் எங்கும் இல்லை.

சீர்காழியில் பிறந்த நூலகவியல் அறிஞர் எஸ்.ஆர்.அரங்கநாதன் 1931இல் நூலாக வெளியிட்ட ஐந்து விதிகளில், ஒவ்வொரு வாசகருக்கும் அவருக்குரிய நூல் கிட்ட வேண்டும் என்பதும், வாசகரின் காலத்தைக் காக்க வேண்டும் என்பதும் அடங்கும். இரண்டையும் நான் அறியாமலே மீறினேன்.

இக்குறையைக் களையக் கணினியில் வழி உண்டு. கோஹா என்னும் மென்பொருள் நியூசிலாந்தின் ஹோரோவெனுவா வட்டார நூலகங்களுக்காக 1999இல் உருவாக்கப்பட்டு, 2000 சனவரியில் பயன்பாட்டுக்கு வந்தது. எவரும் விலையின்றி எடுத்தாளலாம். பல நூலகங்கள் ஒரே பட்டியலைப் பகிர்ந்துகொள்ளலாம். கோஹா என்பது மாவோரி மொழியில் விருந்தினர் கொண்டுவரும் அன்பளிப்பு. பெற்றவர் பின்னொரு நாள் திரும்பச் செய்ய வேண்டியது. மொய் எழுதிப் பழகிய நமக்கு இதற்கு மேல் விளக்கம் வேண்டியதில்லை.

வெளியே சென்ற நூலுக்கும் அதில் முன்பதிவு செய்யலாம். பெயர்கள் வரிசையில் நிற்கும். நூல் திரும்பியதும், அதை அடுக்கில் வைக்காமல் இன்னாருக்கென எடுத்து வைக்குமாறு பணியாளருக்குத் தெரிவிக்கும். வாசகருக்கும் செய்தி போகும். குறித்த நாளுக்குள் அவர் வராவிட்டால் நூலை அடுத்தவருக்கு ஒதுக்கலாம். நூலைத் திரும்பக் கேட்கும் வசதியும் பின்னாளில் அதில் சேர்ந்தது. அவ்வாறு கேட்டால், நூலை வைத்திருப்பவரின் கெடு குறைக்கப்பட்டு, அவருக்கு அறிவிப்பு அனுப்பப்படும்.

ஆயினும் எத்தனை நாள் என்பதை வகுக்க வேண்டியவர்கள் நாமே. கவிதை மெல்லப் படிக்கப்படுவது. எடுத்தவருக்கு 3 வாரம் உறுதியாக இருக்கட்டும். அதற்கு முன் திரும்பக் கேட்க வேண்டாம். எடுத்து வைத்த நூலை 7 நாள் காப்போம். ஷிப்டு முடித்து வருவோருக்கு ஞாயிறு ஒன்றுதான் ஓய்வு. 3 நாள் கெடு வைத்தால் அதற்குள் ஞாயிறு வராமலே போகலாம்.

கணினி வரும்வரை பொறுத்திருக்கவும் வேண்டியதில்லை. நாளையே பதிவேட்டில் ‘காத்திருப்பவர்’ என்றொரு பத்திக்குக் கோடிடுவோம். நண்பரிடம் நூலைத் திரும்பக் கேட்க நாம் கூசுகிறோம். கேட்பவர் நாமல்லர், காத்திருப்பவர் என்று காட்ட ஒரு பெயர் இருந்தால் அக்கூச்சம் நீங்கிவிடும்.

அத்தொகுப்பு இப்போது அடுக்கில் இருக்கிறது. அந்த இளைஞரை அறிந்தவர் இந்த அவையில் இருந்தால், அவரிடம் சொல்லுங்கள்.