நான்காவது பங்கு



1919-இல் இத்தாலியின் பிளாரன்ஸ் நகரில், கமில்லோ நெக்ரோனி பிரபு தம் பானத்தில் சோடாவுக்கு மாற்றாக ஜின் சேர்க்கச் சொன்னார் என்பர். அதுவே நெக்ரோனி.

வீட்டிலும் செய்யலாம். ஜின், கசப்பான காம்பாரி, இனிப்பு வெர்மூத் ஒவ்வொன்றும் 30 மி.லி. பனிக்கட்டி நிறைந்த குவளையில் ஊற்றி, அரை நிமிடம் மெல்லக் கலக்கி, ஆரஞ்சுத் துண்டு ஒன்றை இடவேண்டும்.

கசப்புக்கு அஞ்சிக் காம்பாரியைக் குறைத்தால், வெர்மூத்தின் இனிப்புத் திகட்டும். கலக்காமல் பருகினாலோ ஜின்னின் காரம் நாவைச் சுடும். உருகிச் சேரும் பனிநீரே மூன்றையும் இணக்குகிறது. குறிப்பில் அளவு எழுதப்படாத நான்காவது பங்கு அது.

இப்பத்தாண்டில் இளங்கவிஞர் பலரிடம் கசப்பைத் தணிக்கச் சொன்னவன் நான். அது பிழை. சற்றுப் பொறுத்திருக்கச் சொல்லியிருக்க வேண்டும்.