காட்டில் நிற்கும் சத்து வயலில் ஏன் நிற்பதில்லை?



குரோம்பேட்டைக்குக் கிழக்கே நன்மங்கலம் காப்புக்காடு இருக்கிறது. அந்தக் காட்டுக்கு யாரும் ஒரு பிடி யூரியா போடுவதில்லை. ஆனாலும் மரமும் புதரும் தழைக்குது. நாமோ மூட்டை மூட்டையாகப் போடுகிறோம்; நாலு மழை பெய்ததும், "பயிர் வெளுத்துப் போச்சுங்க" என்கிறோம். ஏன்?

தழைச்சத்து மண்ணில் முதலில் அம்மோனியமாக மாறும். களிமண் அதைப் பிடித்து வைக்கும். பிறகு நைட்ரோசோமோனாஸ் என்ற பாக்டீரியா அதை நைட்ரைட்டாக்கும்; நைட்ரோபாக்டர் அதை நைட்ரேட்டாக்கும். நைட்ரேட்டைப் பயிர் சுலபமாக எடுத்துக்கொள்ளும். ஆனால் மண் அதைப் பிடித்து வைக்காது. மழைத் தண்ணீரோடு கீழே இறங்கிவிடும்.

இந்தப் பாக்டீரியாவுக்குக் காற்றும், மிதமான ஈரமும், வெதுவெதுப்பும் வேணும். புளிப்பு மண் ஒத்துக்காது. காட்டில் சருகு மூடிக் கிடக்கு. அதை மட்கவைக்கும் மற்ற நுண்ணுயிர்களும் மரத்து வேர்களும் முந்திக்கொண்டு அம்மோனியத்தை எடுத்துவிடும். நைட்ரேட்டாக மாற மிஞ்சுவது கொஞ்சம்தான்.

அமெரிக்காவில் ஹப்பர்ட் புரூக் என்ற இடத்தில் 1965-ஆம் ஆண்டுக் கடைசியில் ஒரு காட்டுச் சரிவின் மரங்களை எல்லாம் வெட்டிப் பார்த்தார்கள். அடுத்த ஆண்டே அங்குள்ள ஓடைத் தண்ணீரில் நைட்ரேட் பல மடங்கு ஏறிவிட்டது. உழுது வெறுமையாகக் கிடக்கும் நம் நிலமும் அந்த மொட்டைச் சரிவு மாதிரிதான்.

அதனால் மூன்று காரியம் செய்யுங்கள்.

ஒன்று: யூரியாவை ஒரே தடவையில் கொட்டாமல், பயிரின் பருவம் பார்த்துப் பிரித்துப் போடுங்கள். பெருமழைக்கு முன்னால் போடாதீர்கள்.

இரண்டு: நெல்லுக்கு 5 பங்கு யூரியா, 4 பங்கு ஜிப்சம், 1 பங்கு வேப்பம்புண்ணாக்கு என்று கலந்து, ஓர் இரவு வைத்திருந்து போடுங்கள். வேம்பின் கசப்பு பாக்டீரியாவின் வேகத்தைத் தணிக்கும். 2015 முதல் நம் நாட்டு யூரியாவுக்கு வேப்பெண்ணெய் பூச்சைக் கட்டாயமாக்கியதும் இதற்காகத்தான்.

மூன்று: மேலுரம் போட்ட கையோடு நெல் வயலைக் காயவிட்டு, மறுபடி தண்ணீர் கட்டாதீர்கள். காயும்போது நைட்ரேட்டாகும்; தண்ணீர் கட்டினால் வாயுவாகிப் பறந்துவிடும்.

கீழே இறங்கும் நைட்ரேட் நம் கிணற்றுக்குத்தான் போகுது. குடிதண்ணீரில் அது லிட்டருக்கு 45 மில்லிகிராமுக்கு மேல் இருக்கக்கூடாது. மிஞ்சினால் கைக்குழந்தைக்கு ஆபத்து. கைக்காசும் மிஞ்சணும், கிணறும் கெடாமல் இருக்கணும் என்றால், காடு போல சத்தைக் கட்டிக் காக்கப் பழகுவோம்.