உயிருக்கு எவ்வளவு போதும்?

தமிழ் நெடுங்கணக்கிலே எழுத்துக்கள் 247. உயிர்கள் தம் பரம்பரைச் செய்தியைப் பொறித்து வைத்திருக்கும் ஏட்டிலோ நான்கே எழுத்துக்கள். அடினைன், குவானைன், சைற்றோசின், தைமின் என்னும் நான்கு இரசாயனப் பொருள்களே அவை. டீ.என்.ஏ. எனப்படும் நீண்ட இழையில் இவை அடுக்கப்பட்டிருக்கும் ஒழுங்கே புல்லைப் புல்லாகவும் மனிதனை மனிதனாகவும் ஆக்குகின்றது. மனிதனின் ஏட்டில் ஏறக்குறைய 300 கோடி எழுத்துக்கள் உள்ளன. அதனைப் படிக்கும் பெருமுயற்சி 1990 ஆம் ஆண்டில் தொடங்கி, 2003 இல் நிறைவெய்தியதாக அறிவிக்கப்பட்டது. அப்பொழுது விடுபட்டிருந்த பகுதிகளும் 2022, 2023 ஆம் ஆண்டுகளில் படித்து முடிக்கப்பட்டன.

ஆனால், ஏட்டைப் படித்தல் வேறு. அதன் பொருளை உணர்தல் வேறு. எழுத்துக் கூட்டி வாசிக்கத் தெரிந்த சிறுவன் இலக்கணச் சூத்திரம் ஒன்றைத் தடையின்றி வாசித்துவிடுவான். உரையின் துணையின்றி அதன் பொருள் அவனுக்கு எட்டாது. உயிரின் ஏட்டைப் பொறுத்தவரை விஞ்ஞானிகளின் நிலை என்ன? இதனை அறிவதற்கு, மனிதனைக் காட்டிலும் மிக எளிய உயிரொன்றை எடுத்துக்கொண்டு அமெரிக்க ஆராய்ச்சியாளர் சிலர் ஒரு சோதனை நடத்தினர்.

கிரெயிக் வென்டர், கிளைட் ஹச்சிசன், ஹமில்ற்றன் சிமித் ஆகியோர் அக்குழுவில் முக்கியமானவர்கள். அவர்கள் தெரிந்தெடுத்தது ஆடுகளைப் பீடிக்கும் மைக்கோபிளாசுமா என்னும் நுண்ணிய பற்றீரியா இனமொன்று. அதன் பரம்பரை இழையின் பத்து இலட்சத்துக்கு மேற்பட்ட எழுத்துக்களையும் ஆய்வுகூடத்தில் இரசாயன முறையால் அமைத்து, 2010 இல் அதற்கு உறவான வேறோர் இனத்தின் கலத்தினுள் செலுத்தினர். அக்கலம் புதிய ஏட்டின் கட்டளைப்படி வாழ்ந்தது, பெருகியது.

அந்த ஏட்டில் ஏறத்தாழ 900 பரம்பரையலகுகள் இருந்தன. உயிர் வாழ்வதற்கு இவையனைத்தும் வேண்டுமா, அன்றி இவற்றுட் சில போதுமா என்பதே அடுத்த கேள்வி. இதுவரை அறிந்தவற்றைக் கொண்டு தேவையானவற்றை மட்டும் தொகுத்துப் புதிய ஏடொன்றை வரைந்தனர். அது உயிர் பெறவில்லை. பின்னர் ஒவ்வொரு பரம்பரையலகையும் குலைத்துப் பார்த்துச் சோதித்தபோது காரணம் ஒன்று புலனாகியது. இரண்டு வாயில்களுள்ள வீட்டில் ஒன்றை அடைத்தாலும் மற்றதன் வழியே வெளியேறலாம். ஆகவே, இரண்டில் எதுவும் இன்றியமையாதது அன்று என்று தோன்றும். இரண்டையும் அடைத்துவிட்டாலோ வழியில்லை. ஒரே தொழிலைச் செய்யும் பரம்பரையலகுகள் சில இவ்வாறே இணையாக அமைந்திருந்தன.

இந்த உண்மையை உணர்ந்து திருத்திய ஏடு 2016 இல் உயிர் பெற்றது. அதிலுள்ள பரம்பரையலகுகள் 473 மட்டுமே. தனித்து வளர்க்கக்கூடிய உயிர்களுள் இயற்கையில் அறியப்பட்ட எதற்கும் இத்துணைச் சிறிய ஏடு இல்லை. வியப்புக்குரியது யாதெனில், அந்த 473 இல் 149 இன் தொழில் என்னவென்று அப்பொழுது எவருக்கும் தெரியவில்லை. ஏறக்குறைய மூன்றிலொரு பங்கு! அவற்றுட் சிலவற்றின் தொழில் பின்னர் துலங்கியது.

இச்சிறு கலம் ஒழுங்காகப் பிரியவில்லை. அதன் சந்ததிகள் பல்வேறு வடிவும் பருமனும் கொண்டிருந்தன. 19 பரம்பரையலகுகளை மீண்டும் சேர்த்தபோது அந்தக் குறை நீங்கியது. அவற்றுள் ஏழு இதற்கு இன்றியமையாதவை என்று 2021 இல் வெளியான ஆய்வு காட்டியது. அந்த ஏழில் இரண்டே கலப்பிரிவுக்கு உரியவை என்று முன்னரே அறியப்பட்டிருந்தன.

உறுப்புக்களின் பட்டியல் உயிரை விளக்கிவிடாது என்பது இதனாற் பெறப்படும். உறுப்புக்கள் ஒன்றோடொன்று கொண்ட உறவையே ஆராய்தல் வேண்டும். அவ்வாறு ஆராயும் துறையே தொகுதி உயிரியல். இலினோய் பல்கலைக்கழகத்தார் இக்கலத்தின் இயக்கம் முழுவதையும் கணனியில் அமைத்து, 2022 இல் அதன் வாழ்வின் 20 நிமிடங்களைக் கணித்துக் காட்டினர். உலகின் மிக எளிய உயிரின் 20 நிமிட வாழ்வைக் கணிப்பதற்கே இத்துணை உழைப்பு வேண்டியிருந்தது.

இந்தியானா பல்கலைக்கழகத்தார் இக்கலத்தை 300 நாள்கள், 2,000 தலைமுறைகள் பெருகவிட்டனர். பரம்பரையலகுகளை இழந்ததனால் நலிவுற்றிருந்த அச்சிற்றுயிர், தானே மாற்றங்களடைந்து, இழந்த வலுவை மீண்டும் பெற்றது. இம்முடிவு 2023 இல் வெளியாகியது. எஞ்சியிருந்த சிலவற்றைக் கொண்டே அது தன் குறையை நிரப்பிக்கொண்டது.

நீரிழிவு, இருதய நோய் போன்றவை பெரும்பாலும் ஒரு பரம்பரையலகின் பிழையால் வருவன அல்ல. பல அலகுகளும் உணவும் சூழலும் கூடி விளைவிப்பவை. மனிதனிடத்திலோ புரதங்களை ஆக்கும் பரம்பரையலகுகள் மட்டும் ஏறத்தாழ 20,000 உள்ளன. அவற்றின் உறவை அறியுங்காலத்தே இந்நோய்களுக்கு மேலும் சிறந்த மருந்துகள் கிட்டும் என்பது விஞ்ஞானிகளின் நம்பிக்கை. ஏடு கைக்கு வந்துவிட்டது. அதற்கு உரை காண்பதே இனிவரும் பணி.