தவிட்டுப்பழமும் மணிமுத்தாறும்
(பழைய மாணவர் சந்திப்பில் ஆற்றிய உரை)



கான்கிரீட் படித்தவன் பழத்தைப் பற்றிப் பேச வந்துட்டானேன்னு சிரிக்காதீங்க. காரணம் பின்னால் வரும்.

நீலகிரியிலும் பழனி மலையிலும் சுமார் 1,500 மீட்டருக்கு மேல், புல்வெளி ஓரங்களில் தவிட்டுப்பழச் செடியைப் பார்க்கலாம். தவிட்டுக்கொய்யா என்றும் சொல்வார்கள். ஆள் உயரப் புதர். இலையின் அடிப்பக்கம் வெள்ளைக் கம்பளி மாதிரி இருக்கும். ரோஜா நிறத்தில் பூத்து வெளுத்துப் போகும் பூ. பழம் கருநீலம், தலையில் கொய்யாவுக்கு இருப்பது போலச் சின்னக் கிரீடம். தின்றால் இனிப்பும் லேசான துவர்ப்பும். நாக்கு நீலமாகிவிடும், வீட்டில் பொய் சொல்ல முடியாது! வியட்நாமில் பூகுவோக் தீவுக்காரர்கள் இதில் மதுவே தயாரிக்கிறார்கள்.

புளோரிடாவிலும் ஹவாயிலும் இதே செடி தடை செய்யப்பட்ட களை. வெளியிலிருந்து போய் அங்குள்ள காட்டை அமுக்கிவிட்டது. நம் மலையிலோ கதை தலைகீழ். 19-ஆம் நூற்றாண்டில் புல்வெளியை வெறும் தரிசு என்று நினைத்து ஆஸ்திரேலியச் சீகை மரத்தையும் தைல மரத்தையும் கொண்டுவந்து நட்டார்கள். நிழல் மூடிய இடத்தில் வெயில் கேட்கும் செடி என்ன செய்யும்? இத்தனைக்கும் தைல மரம், கொய்யா, நாவல், தவிட்டுப்பழம் எல்லாம் ஒரே குடும்பம். பங்காளிச் சண்டைதான்!

இனி நம்ம ஊருக்கு வருவோம். 118 அடி மணிமுத்தாறு அணைக்கு மேலே மாஞ்சோலை. 1929-இல் சிங்கம்பட்டி ஜமீன் 99 ஆண்டுக் குத்தகைக்குக் கொடுத்த நிலத்தில் தேயிலை வந்தது. 2024-இல் தோட்டக் கம்பெனி வேலையை நிறுத்தியது. தலைமுறைகளாக உழைத்த குடும்பங்கள் தவித்ததை நாடே பார்த்தது. அந்த நியாயம் தனியே பேச வேண்டியது. அரை மணியில் அடங்காது.

நான் கேட்பது, அந்தச் சரிவில் அடுத்து என்ன முளைக்கும்? கவாத்து செய்யாமல் விட்டால் தேயிலை மரமாகிவிடும். உண்ணிச்செடி காலி இடத்தை விட்டுவைக்காது. அவசரப்பட்டு ஏதாவது ஒரே மரத்தை வரிசையாக நட்டால் நீலகிரிக் கதைதான். மழையைப் பிடித்து மெதுவாக விடுவது மேலே உள்ள மண்ணும் வேரும். கரைந்து வரும் மண் நேரே அணைக்குள் வந்து படியும். மதகை நாம் கட்டலாம், அதை நாம் கட்ட முடியாது.

சிவில் துறைத் தம்பிகளுக்கு ஒரு வேலை வைத்திருக்கிறேன். சரிவில் ஒரு மழைமானி, ஓடையில் ஒரு அளவுப்பலகை, வருஷா வருஷம் குறிப்பு. அது புலிகள் காப்பகம். முதலில் வனத்துறை அனுமதி வாங்க வேண்டும். மனுவை எழுதிக் கொண்டுவந்திருக்கிறேன். சாப்பாட்டுக்குப் பிறகு கையெழுத்துப் போட வாங்க.