புல்டாக் வளர்ப்பும் இல்லத்தார் கடமையும்



சிப்பிப்பாறை, கன்னி, இராசபாளையம் எனத் தமிழ் மண்ணில் வளர்ந்த நாயினங்களை நினைத்துப் பாருங்கள். நீண்ட முகம், ஒடுங்கிய வயிறு, மெல்லிய கால்கள். வெயிலில் ஓடுவதற்கென்றே அமைந்த உடல்கள் அவை. இன்றோ நகரத்து இல்லங்கள் சிலவற்றில் முற்றிலும் மாறான தோற்றமுடைய ஒரு நாய் குடிபுகுந்துள்ளது. தட்டை முகம், தொங்கும் கன்னம், மடிப்பு மடிப்பாய்த் தோல், அகன்ற மார்பு, குட்டைக் கால்கள். அதுவே இங்கிலாந்து தந்த புல்டாக். குட்டிப் பருவத்தில் அதன் முகம் மழலை முகம்போல் தோன்றுவதால் பிள்ளைகள் கேட்டவுடன் பெற்றோர் பெருந்தொகை கொடுத்து வாங்கிவிடுகின்றனர். வாங்கும் முன் அறியவேண்டியவை பல.

இவ்வினத்தின் பெயரே ஒரு கொடுமையின் சுவடு. முற்காலத்து இங்கிலாந்தில் காளையை முளையிற் கட்டி, அதன்மேல் நாய்களை ஏவி, மூக்கைக் கவ்வச் செய்து மக்கள் கூடி மகிழ்ந்தனர். 1835-இல் அந்நாட்டு நாடாளுமன்றம் சட்டம் இயற்றி இவ்விளையாட்டைத் தடுத்தது. வேலை இழந்த புல்டாக் அழகுக் காட்சிக்குரிய நாயாயிற்று. 1873-இல் கென்னல் கிளப்பும், 1875-இல் புல்டாக்குக்கென்றே ஒரு சங்கமும் தோன்றின. தலை பெரிதாக, முகம் தட்டையாக இருந்தால் பரிசு என்றாயிற்று. தலைமுறை தலைமுறையாக அத்தகைய நாய்களையே இணைசேர்த்தனர். காளைமேற் பாய்ந்த பழைய நாய் ஓட வல்லது. அதன் இன்றைய வழித்தோன்றலுக்கோ மாடிப்படி ஏறினாலே மூச்சு வாங்குகிறது. கொடுமைக்காக வளர்த்த காலத்தைவிட அழகுக்காக வளர்த்த காலத்தில்தான் இவ்வுயிர் மிகுதியாகத் துன்புற்றது எனலாம்.

துன்பத்தின் வேர் எங்குள்ளது? முகத்தின் எலும்பு குறுகியது. உள்ளிருக்கும் தசை அந்த அளவுக்குக் குறுகவில்லை. நாசித் துளைகள் வெறும் கீற்றாய் அடைபட்டிருக்கும். மேலண்ணத்தின் மென்தசை நீண்டு தொண்டையை மறைக்கும். மூச்சுக்குழலும் பலவற்றுக்கு இயல்பினும் சிறிது. ‘எங்கள் நாய் மனிதரைப்போல் குறட்டை விடுகிறது’ என்று வீட்டார் சிரிக்கின்றனர். அது சிரிப்பதற்குரிய ஒலியன்று. காற்றுக்காகப் போராடும் ஒலி. இலண்டன் ராயல் கால்நடை மருத்துவக் கல்லூரியினர் 2022-இல் வெளியிட்ட ஆய்வின்படி, தோல் மடிப்பில் வரும் அழற்சி பிற நாய்களைவிடப் புல்டாக்குக்கு 38 மடங்கும், மூச்சுத்தடை நோய் 19 மடங்கும் நேரும் வாய்ப்பு மிகுதி. தலை பெரிது, இடுப்பெலும்பு குறுகியது. ஆதலால் இவ்வினத்தின் பெரும்பாலான ஈற்றுகள் அறுவை மருத்துவத்தாலேயே நிகழ்கின்றன. தாயாகக்கூட இயற்கை வழியை அதற்கு விட்டுவைக்கவில்லை.

2022-இல் நார்வேயின் ஒஸ்லோ மாவட்ட நீதிமன்றம் இவ்வினப் பெருக்கம் விலங்குநலச் சட்டத்துக்கு மாறானது என்று தீர்ப்பளித்தது. புல்டாக்கைப் பொறுத்தவரை மேல்முறையீட்டில் அத்தீர்ப்பு மாறியது; எனினும் எழுந்த வினா ஓயவில்லை. தமிழ்நாடு அரசும் 2024-இல் வெளியிட்ட நாய் இனப்பெருக்கக் கொள்கையில், இதன் உறவான பிரெஞ்சு புல்டாக்கையும் பக் இனத்தையும் இத்தட்பவெப்பத்துக்கு ஒவ்வாதவை எனச் சேர்த்துள்ளது. புதிதாகக் குட்டி வாங்க எண்ணுவோர் இவற்றை எண்ணிப்பார்த்தல் நலம். பிறர் வளர்க்க இயலாமல் கைவிட்ட புல்டாக்கை ஏற்றுக் காப்பது வேறு, அது பாராட்டத்தக்கது.

ஏற்கெனவே வீட்டிலுள்ள புல்டாக்கை என் செய்வது? அன்போடு காப்பதே முறை. அதன் குணம் மிக இனியது. பிள்ளைகளிடம் பொறுமை காட்டும், தேவையின்றிக் குரைக்காது, பிடிவாதம் மட்டும் சற்று மிகுதி. நடைப்பயிற்சியின் பாதிவழியில் அமர்ந்துவிட்டால் எழுப்புவது அரிது. அப்போது இழுக்கலாகாது, பெரும்பாலும் களைப்பே காரணமாயிருக்கும். கழுத்துப்பட்டையை விட, மார்பைச் சுற்றி அணிவிக்கும் வார்ப்பட்டையே ஏற்றது.

எல்லாவற்றினும் முதன்மையானது வெப்பம். நாய்க்கு மனிதரைப்போல் உடலெங்கும் வியர்க்காது. நாக்கை நீட்டி இளைத்தே உடலைக் குளிர்விக்கும். இளைப்பதற்கே வழியடைத்த நாய்க்குச் சென்னைச் சித்திரை எத்தகையது என்று சொல்ல வேண்டியதில்லை. விடிவதற்குச் சற்று முன்னும் இருட்டிய பின்னும் மட்டுமே சிறிது தூரம் நடத்துக. பகலில் மின்விசிறியோ குளிர்சாதனமோ உள்ள அறை வேண்டும். மூடிய மகிழுந்தில் ஐந்து நிமிடமும் விட்டுச் செல்லலாகாது. நாயின் இயல்பு வெப்பம் ஏறத்தாழ 101 முதல் 102.5 டிகிரி பாரன்ஹீட். 105-ஐக் கடந்தால் உயிருக்கே இடர். மூச்சிரைப்பு ஓயாமல், எச்சில் கெட்டியாகி, நாக்கு கருஞ்சிவப்பாகித் தள்ளாடினால் உடனே உடல் முழுதும் குளிர்ந்த நீரூற்றி விசிறுக. ஈரத்துணியால் போர்த்தி மூடிவிடலாகாது. வெப்பம் உள்ளேயே தங்கும். நினைவிழந்த நாயின் வாயில் நீர் புகட்டவும் கூடாது. முதலில் குளிர்விப்பு, பின்னரே மருத்துவமனைப் பயணம். குளமும் நீச்சல்தொட்டியும் இதற்கு ஆகா. கனத்த தலை மூழ்கிவிடும்.

முகமடிப்பையும் வாலடி மடிப்பையும் நாள்தோறும் மெல்லிய ஈரத்துணியால் துடைத்து, பின் உலர்த்துதல் வேண்டும். துடைப்பதை விட உலர்த்துவதே இன்றியமையாதது. கண்ணோரத்தில் செந்நிறக் கட்டி தோன்றினால் மருத்துவரிடம் காட்டுக.

உணவில் அளவு தவறினால் எடை கூடும். எடை கூடினால் மூச்சு இன்னும் திணறும். சைவ இல்லங்களில் எழும் ஐயம் ஒன்றுண்டு. பூனைபோலன்றி, நாய் சைவ உணவிலும் வாழவல்லது. ஆயினும் தயிர்ச்சோறு மட்டும் போதாது; புரதமும் பிற சத்துகளும் நிறைந்த முழுமையான உணவைக் கால்நடை மருத்துவரின் அறிவுரைப்படி அமைக்கவேண்டும். வெங்காயமும் பூண்டும் நாய்க்கு நஞ்சு. அவை நுழையாத அடுக்களைகளில் அக்கவலை இல்லை. ஆனால் விழா நாளில் பாயசத்திலும் கேசரியிலும் உள்ள உலர்திராட்சை கொடிய நஞ்சு என்பதைப் பிள்ளைகளுக்கும் பாட்டிமார்க்கும் முன்னரே சொல்லிவைக்கவேண்டும்.

நாசித் துளையை அகலப்படுத்தவும், நீண்ட மேலண்ணத்தைக் குறைக்கவும் அறுவை மருத்துவம் உண்டு. இளமையிலேயே செய்தால் பயன் மிகுதி. இவ்வினத்துக்கு மயக்கமருந்து எச்சரிக்கையோடு தரவேண்டியது. ஆதலின் அதில் பழகிய மருத்துவரையே நாடுக. மயக்கம் நன்கு தெளிந்து, தானே தலைநிமிர்ந்து மூச்சுவிடும் வரை நாயை வீட்டுக்கு அழைத்துவர விரையாதிருத்தல் வேண்டும்.