வாடினால் தண்ணீர்! துவண்டால் கொம்பு!

(“முகம் வாடி நிற்பவருக்கு முதலில் தேவை – ஆறுதலா? அறிவுரையா?” என்ற பட்டிமன்றத்தில், ‘ஆறுதலே’ என்ற அணியில் பேசியது.)

    

எனக்கு முன்னால் பேசிய எதிரணி நண்பர் பன்னிரண்டு நிமிடம் அறிவுரையின் பெருமையைச் சொன்னார். நான் முன்வரிசையைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். அவர் ஆரம்பிக்கும்போது மலர்ந்திருந்த முகமெல்லாம் முடிக்கும்போது எப்படி இருந்தது தெரியுமா? வாடி இருந்தது! எங்கள் கட்சிக்கு வேறு சாட்சி வேண்டுமா, நடுவர் அவர்களே? (சிரிப்பு, கைதட்டல்)

நான் தமிழ் வாத்தியார். எனக்குத் தெரிந்தது சொல்தான். ‘வாடு’ என்ற சொல்லையே எடுத்துக்கொள்கிறேன். வாடு – தன்வினை. வாட்டு – பிறவினை. வீட்டில் ஒருத்தர் தன்வினையாக இருக்கிறார் என்றால், எதிரே ஒருத்தர் பிறவினையாக இருக்கிறார் என்று பொருள்! (பலத்த சிரிப்பு) அதே மாதிரி ‘ஆறு’ தன்வினை, ‘ஆற்று’ பிறவினை. சூடான காபியை ஆத்திக் கொடுக்கிறோமே, அந்த ஆற்றுதான். வாட்டுவதற்கு ஒரு ஆள் இருக்கும்போது ஆற்றுவதற்கு ஒரு ஆள் வேண்டாமா? அந்த ஆள்தான் ஆறுதல்.

எதிரணியினர் என்ன நினைக்கிறார்கள்? முகம் தொங்கிப் போனால் எல்லாம் ஒன்றுதான் என்று நினைக்கிறார்கள். தமிழ் அப்படி நினைக்கவில்லை. பூ வாடுகிறது. கொடி துவளுகிறது. உடம்பு சோர்கிறது. நடை தளர்கிறது. கயிற்றுக் கட்டில் தொய்கிறது. எல்லாமே தொங்கிப் போவதுதான். ஏன் இத்தனை சொல்? ஒவ்வொன்றுக்கும் மருந்து வேறு! வாடினதுக்குத் தண்ணி ஊத்தணும். துவண்டதுக்குக் கொம்பு நடணும். சோர்ந்ததைப் படுக்க வைக்கணும். தளர்ந்ததுக்குக் கை கொடுக்கணும். தொய்ந்ததை இழுத்துக் கட்டணும். துவண்ட முல்லைக்குப் பாரி ஒரு குடம் தண்ணியா ஊத்தினான்? தேரை நிறுத்தினான்! நோய்க்கு ஏற்ற மருந்து. (கைதட்டல்)

எங்கள் எதிரணி நண்பர்களிடம் இருப்பது ஒரே மருந்து. எதைப் பார்த்தாலும் இழுத்துக் கட்டுவது! கட்டில் கயிற்றை இழுத்துக் கட்டலாம், ஐயா. பூக்காம்பை இழுத்துக் கட்டினால் என்ன ஆகும்? கையோடு வந்துவிடும்.

வாடின பூவுக்குத் தமிழில் ஒரு பெயர் இருக்கிறது. தேவநேயப் பாவாணர் தமிழின் சொல்வளத்தைச் சொல்லும்போது அரும்பு, போது, மலர், வீ, செம்மல் என்று வரிசைப்படுத்திக் காட்டுவார். செம்மல் என்றால் வாடின பூ. ஒரு விழாவில் எனக்குப் ‘புலவர் செம்மல்’ என்று பட்டம் கொடுத்தார்கள். பெருமையோடு வீட்டுக்கு வந்து பொருளை விளக்கினேன். என் துணைவியார், “பரவாயில்லையே, உங்களைப் பார்த்ததுமே கண்டுபிடிச்சுட்டாங்களே!” என்றார். (பலத்த சிரிப்பு) சிரிக்கலாம். ஆனால் யோசித்துப் பாருங்கள். வாடின பூவுக்கும் பெரிய மனிதருக்கும் ஒரே பெயர் இருக்கிற மொழி இது. வாடிவிட்டது என்பதற்காக நம் மொழி ஒன்றை இழிவாகப் பார்க்கவில்லை.

எங்கள் வீட்டுக் கொல்லையில் பூசணிக்கொடி உண்டு. உச்சி வெயிலில் அத்தனை இலையும் குடை மடங்கின மாதிரி தொங்கிவிடும். இலை இழக்கிற வேகத்துக்கு வேர் தண்ணீர் எடுத்துத் தர முடியவில்லை, அவ்வளவுதான். சாயங்காலம் தானாகவே நிமிர்ந்துவிடும். தோட்டக்காரர் மத்தியான வாட்டத்தைப் பார்த்துப் பதறமாட்டார். “காலையில பாருங்க சார். விடிஞ்சும் நிமிரலைன்னாத்தான் கவலைப்படணும்” என்பார்.

இன்னொன்றும் சொல்வார். தண்ணீர் இல்லாவிட்டாலும் செடி வாடும். தண்ணீர் தேங்கி வேர் அழுகினாலும் செடி வாடும். மேலே பார்த்தால் இரண்டும் ஒரே மாதிரி! வாடியிருக்கிறதே என்று அழுகின வேருக்கு இன்னும் இரண்டு வாளி ஊற்றினால் செடி செத்தே போகும். அதனால் முதலில் மண்ணில் விரலை வைத்துப் பார்க்க வேண்டும். அந்த விரல்தான் ஆறுதல்! “என்னப்பா, என்ன ஆச்சு?” என்று கேட்பதுதான் மண்ணில் விரல் வைப்பது. கேட்காமல் சொல்கிற அறிவுரை, வேர் தெரியாமல் ஊற்றுகிற வாளித் தண்ணீர். (கைதட்டல்)

எதிரணியில் அம்மையார் ஒரு கேள்வி கேட்டார்கள்: “வாழை இலையைத் தீயில் வாட்டினால்தானே கிழியாமல் சோறு கட்ட முடியும்? பிள்ளைகளையும் வாட்டித்தானே ஆகணும்?” நல்ல கேள்வி. ஆனால் அம்மா, இலையைத் தணலில் காட்டுகிறோம், தணலில் போடுகிறோமா? நிறம் மாறினதும் கையை எடுத்துவிடுவோம் இல்லையா? உங்களில் எத்தனை பேருக்கு அறிவுரை சொல்லும்போது கையை எடுக்கத் தெரிகிறது? எனக்குத் தெரியவில்லை. நான் சுட்டிருக்கிறேன். அதைச் சொல்லத்தான் இந்த மேடைக்கு வந்தேன்.

நான் வேலை பார்த்த கல்லூரியில் முதல் மணி நேரம் என் வகுப்பு. கடைசி பெஞ்சில் ஒரு பையன். தினமும் தலை தொங்கிக்கொண்டே இருக்கும். ஒருநாள் எழுப்பி நிறுத்தினேன். பத்து நிமிடம் பேசினேன். உழைப்பைப் பற்றிப் பேசினேன். சோம்பலைப் பற்றிப் பேசினேன். எதுகை மோனையோடு பேசினேன். வகுப்பே சிரித்தது. அவன் ஒரு வார்த்தை சொல்லவில்லை. மறுநாள் வரவில்லை. அதற்கு அடுத்த நாளும் வரவில்லை.

ஒரு வாரம் கழித்து அவன் நண்பன் வந்து சொன்னான்: “ஐயா, அவங்க அப்பா படுத்த படுக்கையா இருக்காரு. ராத்திரி பூரா பேக்கரியில மாவு பிசைஞ்சுட்டு, அப்படியே பஸ் ஏறி வகுப்புக்கு வருவான். வீட்டுக்குப் போனா தூங்கிடுவோம்னு வீட்டுக்கே போக மாட்டான், ஐயா.”

அவன் சோர்ந்திருந்தான். நான் தொய்ந்திருக்கிறான் என்று இழுத்துக் கட்டினேன். தமிழில் முனைவர் பட்டம் வாங்கினவன் நான். சோர்வுக்கும் தொய்வுக்கும் வித்தியாசம் எனக்குத் தெரியவில்லை! (அமைதி)

தேடிப் போனேன். பேக்கரி வாசலில் மாவுக் கையோடு நின்றான். “தம்பி, தெரியாமப் பேசிட்டேன்பா” என்றேன். “பரவாயில்லீங்க ஐயா” என்றான். திரும்பி வந்தான், படித்தான், தேறினான். ஆனால் அந்த வருடம் முழுக்க என் வகுப்பில் அவன் தூங்கவே இல்லை. கண்ணை விழித்து விழித்து உட்கார்ந்திருப்பான். அது என் மேல் இருந்த மரியாதை அல்ல, பயம். நான் கேட்டிருக்க வேண்டியது இரண்டே வார்த்தைதான்: “சாப்பிட்டியா? தூங்கினியா?”

வள்ளுவர் விருந்தோம்பல் அதிகாரத்தின் கடைசியில், 90ஆவது குறளில் என்ன சொல்கிறார்? அனிச்சப்பூ முகர்ந்தால்தான் வாடும். விருந்தினரோ நாம் முகம் மாறிப் பார்த்தாலே வாடிவிடுவார் என்கிறார். பூவுக்கு மூக்கு கிட்டே போகணும். மனிதனுக்குத் தூரத்துப் பார்வையே போதும்! வெறும் பார்வைக்கே அப்படியென்றால், பத்து நிமிட அறிவுரைக்கு எப்படி இருக்கும்?

வாடிய பயிரைக் கண்டு தானும் வாடியவர் வள்ளலார். பயிரைப் பார்த்து, “உனக்கு முயற்சி போதாது” என்றா சொன்னார்? அதற்காகத் தானும் வாடியதோடு நின்றுவிட்டாரா? 1867இல் வடலூரில் தருமசாலை தொடங்கி அடுப்பு மூட்டினார். பசித்தவனுக்குச் சோறு. அந்த அடுப்பு இன்றும் அணையவில்லை. ஆறுதல் என்பது வெறும் வாய்ப்பந்தல் என்று எதிரணியில் சொன்னார்களே, அவர்களுக்கு வடலூர் அடுப்புதான் பதில். (பலத்த கைதட்டல்)

நடுவர் மணியடிக்கப் போகிறார். அவர் முகமும் வாடுவதற்குள் முடித்துவிடுகிறேன். (சிரிப்பு)

வீடு கட்டும்போது கொத்தனாரிடம் என்ன சொல்கிறோம்? “மேஸ்திரி, குளியலறைத் தரைக்கு வாட்டம் பார்த்துப் போடுங்க” என்கிறோம். அங்கே வாட்டம் என்றால் சரிவு. வாட்டம் இல்லாத தரையில் தண்ணீர் தேங்கும், பாசி பிடிக்கும், ஒருநாள் யாராவது வழுக்கி விழுவார்கள். தரைக்கு மட்டுமல்ல, குடும்பத்துக்கும் ஒரு வாட்டம் வேண்டும். பிள்ளையின் அழுகையும், மனைவியின் மனக்குறையும், வேலையிலிருந்து திரும்புகிற கணவனின் அலுப்பும் தேங்காமல் வடிந்துபோக ஒரு பக்கம் சரிந்து கொடுக்கிற மனசு வேண்டும். வடிந்த பிறகு அறிவுரை சொல்லுங்கள். நாங்கள் வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆனால் முதலில் தேவை ஆறுதலே!

இன்று வீட்டுக்குப் போனதும் யார் முகமாவது வாடியிருந்தால், பக்கத்தில் உட்கார்ந்து, “சாப்பிட்டியா?” என்று மட்டும் கேளுங்கள்.

(நீண்ட கைதட்டல்)