சங்கப் பதிவும் மஸ்டர் ரோலும்
(திருப்பூர் பனியன் தொழிலாளர் கூட்டத்தில் செய்த சொற்பொழிவு)



சங்கத்தை ரிஜிஸ்தர் செய்துவிட்டோம், இனி நமக்கென்ன குறை என்று ஒரு தோழர் பேசினார். சர்டிபிகேட்டுக்குக் கண்ணாடி போட்டு மாலையும் சூட்டியிருக்கிறீர்கள். நல்ல வேளையாகச் சூடம் கொளுத்தவில்லை!

அந்தக் காகிதத்தின் யோக்கியதை என்ன? 1918-ல் பின்னி கம்பெனி ஆலைத் தொழிலாளருக்காகச் சென்னைத் தொழிலாளர் சங்கம் ஏற்பட்டது. 1920-ல் கம்பெனி, சங்கத் தலைவர் வாடியா முதலானவர்கள் மீது நஷ்டஈட்டு வழக்குப் போட, ஐகோர்ட்டும் தடையுத்தரவு கொடுத்தது. வேலைக்குப் போகாதே என்று தொழிலாளியிடம் சொன்னதே குற்றமாம்! கடைசியில் வாடியா இயக்கத்தைவிட்டே விலக நேர்ந்தது. இந்த அநியாயத்தின் பலனாகவே 1926-ல் தொழிற்சங்கச் சட்டம் பிறந்தது. பதிவான சங்கத்தின் மீது வேலைநிறுத்தத்துக்காக அம்மாதிரி வழக்குச் செல்லாது என்பதே அதன் சாரம். 21-11-2025 முதல் அது போய், 2020-ம் வருஷத்துத் தொழில் உறவுச் சட்டத் தொகுப்பு அமுலுக்கு வந்திருக்கிறது. அதிலும் இந்தப் பாதுகாப்பு உண்டு.

பதிவு அதிகாரி முதலாளியின் சம்மதத்தைப் பெற வேண்டியதில்லை. ஆனால் நடப்பதென்ன? ஸ்ரீபெரும்புதூர் சாம்சங் தொழிலாளர்கள் 2024-ல் மனுச் செய்தபோது, எங்கள் பெயரைச் சங்கத்துக்கு வைக்கக்கூடாதென்று கம்பெனி ஆட்சேபித்தது. 37 நாள் வேலைநிறுத்தம் செய்து, ஐகோர்ட்டுக்கும் போன பிறகே 2025 ஜனவரியில் பதிவு கிடைத்தது.

நம் ஊர் சங்கதி வேறு. ஒரு பவர் டேபிள் கூடத்தில் இருபது முப்பது பேர், அதுவும் காண்டிராக்டர் கையில் பீஸ் ரேட். இவர்கள் எப்படிச் சங்கம் பதிவதென்று மலைக்க வேண்டாம். பத்தில் ஒரு பங்கு அல்லது நூறு பேர், எது குறைவோ அது போதும். ஏழுக்கு மாத்திரம் குறையக்கூடாது. இந்தக் கணக்கு ஒரு கம்பெனிக்கு மாத்திரமல்ல, ஒரு தொழிலுக்கே செல்லும். ஆகவே பல கூடங்களில் சிதறிக் கிடக்கும் நூறு பேர் சேர்ந்தாலே பதியலாம். 1984-ல் 127 நாள் வேலைநிறுத்தம் நடத்திய ஊருக்கு நூறு பேர் பஞ்சமா?

ஆனால் பதிவு வேறு, முதலாளி நம்மோடு பேசுவது வேறு. சங்கத்தை அங்கீகரித்தே ஆகவேண்டுமென்று 1947-ல் செய்த திருத்தம் கடைசிவரை அமுலுக்கே வரவில்லை. புதிய சட்டத்திலோ, ஒரு கம்பெனியில் பல சங்கங்கள் இருந்தால், மஸ்டர் ரோலில் உள்ளவர்களில் 100-க்கு 51 பேர் ஆதரவு பெற்ற சங்கமே பேசும். எதற்கும் அவ்வளவு இல்லையானால், 100-க்கு 20 பேர் ஆதரவுள்ள சங்கங்களுக்குப் பேச்சுக் குழுவில் இடமுண்டு.

மஸ்டர் ரோலில் பெயரே இல்லாத தோழரும் தோழியரும் எந்தக் கணக்கில் சேருவார்கள்? தைப்பது அவர்கள் கை. எண்ணும்போது அந்தக் கை இல்லை! ஆகவே நாளைக் காலையில் மெஷினில் உட்காருமுன், என் பெயர் ரோலில் இருக்கிறதா, சம்பளச் சீட்டு எங்கே என்று ஒவ்வொருவரும் கேளுங்கள். பெயர் இல்லாதவர்களின் ஜாபிதாவைச் சங்கக் காரியதரிசி இந்த வாரமே எழுதத் தொடங்கட்டும்.